ஒரு ட்ரே தண்ணி, ஒரு டார்ச், ஒரு சொட்டு – ரூம் முழுக்க தண்ணி வெளிச்சமும் சத்தமும் கொண்டு வர்றது எப்படி

ஆத்துப் பாலத்துக்கு அடியில வெயில் சாய்ஞ்ச நேரத்துல நின்னு அண்ணாந்து பாத்தீங்கன்னா, மேல கான்க்ரீட்ல ஒரு வெளிச்ச வலை ஆடிக்கிட்டே இருக்கும், கீழ தண்ணி சலசலன்னு ஓடும், ஒரு கல்லைத் தூக்கிப் போட்டா சத்தம் வந்த அந்த நொடியே மேல இருக்குற வலையும் கலையும். நான் ஒரு ரூமுக்குள்ள கொண்டு வரணும்னு ஆசைப்பட்டது அதைத்தான். அதை எப்படி செய்யறதுன்னு நான் கத்துக்கிட்ட எல்லாத்தையும் இங்க எழுதிடறேன், ஏன்னா இதுக்குப் பெரிய ப்ரொஜெக்டர், சாஃப்ட்வேர், டீம்னு எதுவும் தேவையில்ல, ஒரு இருட்டு ரூமும் பொறுமையும் இருந்தா போதும்.

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன், மத்ததெல்லாம் இதுல இருந்துதான் வருது. வெளிச்சமும் சத்தமும் ஒரே தண்ணியோட ஒரே அசைவுல இருந்து வரணும். நான் ஆரம்பத்துல செஞ்சது அப்படி இல்ல. கலர் மாறுற எல்இடி ஸ்ட்ரிப்பை சுவரு பூரா ஒட்டி, எங்கயோ ரெக்கார்ட் பண்ணின அருவி சத்தத்தை ஸ்பீக்கர்ல ஓட விட்டேன். வந்தவங்க ஒரு போட்டோ எடுத்துட்டு ரெண்டு நிமிஷத்துல கிளம்பிட்டாங்க. கண்ணு ஒண்ணைப் பாக்குது, காது வேற ஒண்ணைக் கேக்குது, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லன்னு நம்ம உடம்புக்கு உடனே தெரிஞ்சுடுது. அடுத்த தடவை ஒரு ட்ரேல தண்ணி வச்சு, மேல இருந்து சொட்டு விழ வச்சு, அந்த சொட்டோட சத்தத்தையே பெரிசு பண்ணி ரூம்ல விட்டேன், அதே ஆளுங்க தரையில உக்காந்து, அப்புறம் படுத்து, அரை மணி நேரம் எழுந்திரிக்கவே இல்ல.

வெளிச்சம்

அந்த வலை எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. தண்ணியோட மேல்பரப்புல அலை இருந்தா, ஒவ்வொரு அலையும் ஒரு சின்ன லென்ஸ். வெளிச்சம் அது வழியா போகும்போது வளைஞ்சு சில இடத்துல குவியுது, சில இடத்துல விரியுது, குவியிற இடம்தான் அந்தப் பளீர் கோடு. தண்ணிக்கு ஒளிவிலகல் எண் 1.33, அந்த அளவு வளைவே இதுக்குத் தாராளம்.

இங்க எல்லாரும் செய்யற தப்பு, பெரிய லைட்டைக் கொண்டு வந்து வைக்கிறது. ட்யூப் லைட், அகலமான பேனல் லைட் எதை வச்சாலும் வலை வராது, சும்மா மங்கலா ஒரு வெளிச்சம் ஆடும், அவ்ளோதான். வெளிச்சம் வர்ற இடம் ஒரு புள்ளி மாதிரி சின்னதா இருக்கணும். உங்க போன்ல இருக்குற டார்ச் இதுக்கு அருமையா இருக்கும், நம்புங்க. கொஞ்சம் பவர் கூட வேணும்னா ஒரே ஒரு எல்இடி சிப் இருக்குற டார்ச்சா வாங்கி முன்னாடி இருக்குற லென்ஸைக் கழட்டிடுங்க. ட்ரேல இருந்து ஒரு மீட்டர், ஒண்ணரை மீட்டர் தள்ளி வைங்க, தள்ளி வைக்க வைக்க கோடு கூர்மையாகும், ஆனா வெளிச்சம் குறையும், அதனால முன்ன பின்ன நகத்தி நீங்களே ஒரு இடம் பிடிச்சுக்கணும்.

அடுத்தது ட்ரே. கண்ணாடி ட்ரேயை உயரத்துல வச்சு அடியில இருந்து டார்ச் அடிச்சா சீலிங்ல வலை விழும், இதுதான் ரொம்ப சுலபமான வழி, ஆனா தண்ணிக்குக் கீழ கரண்ட் சாமான் வைக்கிற எந்த ஏற்பாடும் எனக்குப் பிடிக்காது. மேல இருந்து சாய்வா டார்ச் அடிச்சு தண்ணியில பட்டு திரும்பி வர்ற வெளிச்சத்தைப் பிடிக்கலாம்னு பாத்தா, நேரா விழுற வெளிச்சத்துல வெறும் 2 சதவீதம்தான் தண்ணி மேல பட்டுத் திரும்பும், மிச்சமெல்லாம் உள்ள போயிடும். அதுக்கு ஒரு வழி இருக்கு, ட்ரேக்கு அடியில முகம் பாக்குற கண்ணாடியை வச்சிடுங்க. வெளிச்சம் தண்ணிக்குள்ள போயி, கண்ணாடியில பட்டு, மறுபடி தண்ணி வழியாவே வெளிய வரும், ரெண்டு தடவை வளையும், வலை பளிச்சுன்னு எதிர் சுவர்லயும் சீலிங்லயும் விரியும். கண்ணாடியைத் தண்ணிக்குள்ள முக்காதீங்க, பின்னாடி இருக்குற வெள்ளிப் பூச்சு அரிச்சு கருப்புக் கருப்பா ஆயிடும். ட்ரே தெளிவான கண்ணாடி ட்ரேயா இருந்தா வெளியில அடியிலயே வச்சுக்கலாம், நனையவே நனையாது.

தண்ணி ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஆழம் போதும். ரொம்ப கம்மியா ஊத்தினா அலை அடித்தரையில உரசி சீக்கிரம் செத்துடும். அலை ட்ரே ஓரத்துல மோதித் திரும்பி வந்தா எல்லாம் குழம்பி வலை பொடிப்பொடியா ஆயிடும், அதுக்கு நாலு ஓரத்துலயும் ஸ்பாஞ்சை சாய்வா வெட்டி, கடற்கரை சரிவு மாதிரி வச்சிடுங்க, அலை அங்க போயி அமைதியா அடங்கும். இதை நான் ரொம்ப லேட்டா கண்டுபிடிச்சேன், இதுக்கு முன்னாடி எடுத்த வீடியோவையும் அப்புறம் எடுத்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ரெண்டும் வேற வேற தண்ணி மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு, சீலிங் தூரமா இருந்தா அலை சின்னதா இருக்கணும். மென்மையான அலை தூரத்துலதான் வெளிச்சத்தைக் குவிக்கும், கையால அடிச்சு எழுப்புற பெரிய அலை பக்கத்துலயே குவிச்சுட்டு அப்புறம் சிதறடிச்சுடும். அதனாலதான் ஒரு சொட்டு போதும்னு சொல்றேன்.

கலர் பத்தி என் கருத்தைச் சொல்லிடறேன், இதுல நான் பிடிவாதக்காரன். தண்ணின்னாலே நீல லைட் போடணும்னு ஒரு பழக்கம் இருக்கு. தண்ணி சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சுறதாலதான் பல மீட்டர் ஆழத்துல நீலமாத் தெரியுது, மூணு சென்டிமீட்டர் ட்ரேல அந்த நீலம் கிடையவே கிடையாது. 2700 கெல்வின்ல இருந்து 3000 கெல்வின் வரைக்கும் (வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற அளவு) இருக்குற மஞ்சள் கலந்த வெள்ளை ஒண்ணே ஒண்ணு போடுங்க, சாயங்கால வெயில் சுவர்ல விழுந்த மாதிரி இருக்கும். ஒரே கலரோட பலம் என்னன்னு தெரியணும்னா, ஓலஃபுர் எலியாசன்ங்கிற கலைஞர் 2003-ல லண்டன் டேட் மாடர்ன் மியூசியத்துல வச்ச செயற்கை சூரியனைப் பத்தித் தேடிப் பாருங்க, ஒரே மஞ்சள் மட்டும் விடுற விளக்குகள், கொஞ்சம் மூடுபனி, மேல சீலிங் முழுக்க கண்ணாடி, அவ்ளோதான், ஜனங்க தரையில படுத்து மேல தங்களையே பாத்துக்கிட்டு கிடந்தாங்க. அவரே 2005-ல ராட்டர்டாம்ல செஞ்ச ஒரு வேலை நம்ம விஷயத்துக்கு இன்னும் கிட்ட, அதுல நடந்து போறவங்க தரைப் பலகையை மிதிச்சா தண்ணி அசையும், அந்த அசைவு வெளிச்சமா பெரிய திரையில விழும்.

சொட்டு

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். ஆஸ்பத்திரியில க்ளுக்கோஸ் ஏத்துற ட்ரிப்ஸ் ட்யூப் புதுசா ஒண்ணு வாங்கிக்கங்க, ஊசி வேண்டாம். அதுல ஒரு சின்ன சக்கரம் இருக்கும், அதைத் திருப்பினா சொட்டு வேகம் மாறும். அதுல 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர்னு ஒரு வகை வரும், கவர்லயே போட்டிருக்கும். கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு லிட்டர் தண்ணியில 20,000 சொட்டு, மூணு நொடிக்கு ஒண்ணுன்னு விட்டா 16 மணி நேரத்துக்கு மேல தாங்கும். பாட்டிலைத் தொங்க விடுறதை விட அகலமான பாத்திரத்துல இருந்து ட்யூபை இறக்குங்க, பாட்டில்ல மட்டம் இறங்க இறங்க அழுத்தம் குறைஞ்சு சொட்டு மெதுவாயிடும், அகலமான பாத்திரத்துல மட்டம் லேசுல இறங்காது.

ஒரு ட்யூப்ல அஞ்சு நொடிக்கு ஒரு சொட்டு, இன்னொரு ட்யூப்ல ஏழு நொடிக்கு ஒரு சொட்டுன்னு வச்சா ரெண்டும் 35 நொடிக்கு ஒரு தடவைதான் சேந்து விழும், நிஜத்துல அதுவும் கொஞ்சம் தவறும், அந்தத் தவறல்தான் அழகு. கேக்குறவங்க அடுத்த சொட்டுக்காகக் காத்திருக்க ஆரம்பிப்பாங்க, மூச்சே மெதுவாயிடும்.

இப்ப சத்தம். சொட்டு தண்ணியில மோதுறதுதான் 'டொப்'புன்னு கேக்குதுன்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம். நிஜத்துல மோதுறதுல சத்தம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. சொட்டு விழுந்து ஒரு குழி உண்டாகி, குழி மூடும்போது அடியில ஒரு குட்டி காத்துக் குமிழி மாட்டிக்கும், அந்தக் குமிழி துடிக்கிறதுதான் நம்ம காதுக்கு வர்ற 'டொய்ங்'. கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டியில இதை வேகமான கேமராவும் மைக்கும் வச்சுப் படம் பிடிச்சு 2018-ல வெளியிட்டாங்க. குமிழி துடிக்கிற கணக்கை அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1933-ல, மார்செல் மினர்ட்ங்கிற வானியல் விஞ்ஞானி எழுதிட்டாரு, ஒரு மில்லிமீட்டர் ஆரம் இருக்குற குமிழி சுமார் 3,260 ஹெர்ட்ஸ்ல, அதாவது நொடிக்கு அத்தனை தடவை துடிச்சுப் பாடும், ஒரு சென்டிமீட்டர் ஆரம்னா சுமார் 326 ஹெர்ட்ஸ். ஓடை சலசலக்கிறதும் முக்கியமா இந்தக் குமிழிங்களாலதான், ஆயிரக்கணக்குல ஒண்ணா சேந்து பாடுது.

இது தெரிஞ்சதுல ரெண்டு லாபம். ஒண்ணு, எல்லா உயரத்துல இருந்து விழுந்தாலும் குமிழி மாட்டாது. சொட்டோட அளவும் வேகமும் சரியா இருந்தாத்தான் ஒவ்வொரு தடவையும் மாட்டும். அதனால ட்யூபை ஒரு ஸ்டாண்டுல கட்டி, ராத்திரி அமைதியா இருக்கும்போது ஒரு சென்டிமீட்டர், அரை சென்டிமீட்டரா ஏத்தி இறக்கிக் கேளுங்க. ஒரு இடத்துல வெறும் 'ப்ளப்', கொஞ்சம் ஏத்தினா ஒண்ணுமே இல்ல, இன்னும் கொஞ்சம் ஏத்தினா திடீர்னு சுத்தமா மணி அடிச்ச மாதிரி 'டொய்ங்', அந்த இடத்தைப் பென்சில்ல குறிச்சு வச்சுக்கங்க. ரெண்டாவது, சோப்பு. தண்ணியில சோப்பு கலந்தா பரப்பு இழுவிசை குறைஞ்சு அந்த சத்தம் நின்னே போயிடும். ஒரு தடவை ட்ரேயை நல்லா சோப்புப் போட்டுக் கழுவி வச்சுட்டு, சத்தம் ஏன் வரலன்னு ஒரு முழு சாயங்காலம் ஒயர் ஒயரா கழட்டி மாட்டிப் பாத்தேன், கடைசியில பாத்தா ஓரத்துல ஒட்டியிருந்த சோப்புதான் காரணம். வெந்நீர் ஊத்தி மூணு நாலு தடவை அலசுங்க.

சத்தத்தைப் பிடிக்கிறது

பியஸோ டிஸ்க்னு, அதிர்வை மின்சார சிக்னலா மாத்துற ஒண்ணு வட்டமா காசு மாதிரி கிடைக்கும், அதை ட்ரே வெளிப்பக்கத்துல ஒட்டினா தொடு மைக், சிலிகான் ரப்பர் ரெண்டு மூணு கோட் பூசி தண்ணிக்குள்ள இறக்கினா நீங்களே செஞ்ச ஹைட்ரோஃபோன், அதாவது தண்ணிக்குள்ள கேக்குற மைக். இதை நேரா சாதாரண மைக் பின்ல சொருகினா சத்தம் தகர டப்பா மாதிரி மெலிசா வரும், ஏன்னா பியஸோவை சொருகுற இன்புட்டோட மின்தடை ஒரு மெகாஓம் அளவுக்காவது இருக்கணும், இல்லன்னா பேஸ் எல்லாம் போயிடும். கிடார் சொருகுற இன்புட் இருக்குற ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், கிடார் சத்தத்தை கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு போற பெட்டி) இருந்தா அதுலயே சொருகிடுங்க, வேலை முடிஞ்சது. கூடவே தண்ணிக்கு ஒரு சாண் மேல ஒரு சாதாரண மைக்கையும் தொங்க விடுங்க, உள்ள கேக்குற சத்தமும் வெளிய கேக்குற சத்தமும் கலந்தாத்தான் நிறைவா இருக்கும், தண்ணிக்குள்ள சத்தம் நொடிக்கு சுமார் 1,480 மீட்டர் வேகத்துல போகுது, காத்துல 343 மீட்டர்தான், ரெண்டு மைக்கும் ஒரே சொட்டை ரெண்டு விதமா கேக்கும்.

எஃபெக்ட்னு பாத்தா நான் ரெண்டுதான் வைப்பேன். கொஞ்சம் ரிவெர்ப், அதாவது பெரிய மண்டபத்துல கேக்குற மாதிரி நீள்ற எதிரொலி, அப்புறம் சத்தத்தை ஒரு ஆக்டேவ் (பாதி ஹெர்ட்ஸுக்கு) கீழ இறக்கின இன்னொரு அடுக்கு, மெல்லிசா. சொட்டு விழுந்த அந்த நொடியே சத்தமும் கேக்கணும், லேட் ஆனா எல்லாம் போச்சு, அதனால ஆடியோ செட்டிங்ஸ்ல பஃபர் சைஸை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எவ்ளோ சத்தத்தை சேத்து வச்சு விடுதுங்கிற அளவு) குறைச்சு வச்சுக்கங்க. ஸ்பீக்கரை ட்ரேல இருந்து தள்ளி, காது மட்டத்துக்குக் கீழ, சுவத்துப் பக்கம் திருப்பி வைங்க, அப்ப சத்தம் ஒரு பொட்டியில இருந்து வர்ற மாதிரி இல்லாம ரூம்ல இருந்து வர்ற மாதிரி இருக்கும். வால்யூம் ரெண்டு பேர் மெதுவா பேசிக்கிற அளவு, அதுக்கு மேல வேண்டாம். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே ரூம்லங்கிறதால ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்குக்குள்ள போயி 'கூ'ன்னு ஊளை வர வாய்ப்பு இருக்கு, வந்தா வால்யூமைக் கூட்டாம மைக்கைத் தண்ணிக்குக் கிட்ட இறக்குங்க.

பின்னணியில ஆறோ மழையோ வேணும்னா வைக்கலாம், ஆனா நீங்களே போயி ரெக்கார்ட் பண்ணுங்க. தூரத்துல இருந்து எடுத்தா எந்த ஆறும் ஒரே 'ஷ்ஷ்ஷ்'தான். கரையில கல்லு இடுக்குல தண்ணி புகுந்து வர்ற இடமா பாத்து ஒரு முழம் தூரத்துல மைக்கை வைங்க, காத்தடிக்காம ரோமக் கவர் போடுங்க, குறைஞ்சது பத்து நிமிஷம் அசையாம உக்காருங்க. மூணு ரெக்கார்டிங்கை 37 நொடி, 53 நொடி, 71 நொடின்னு வெட்டித் தனித்தனியா லூப்ல விட்டீங்கன்னா, மூணும் மறுபடி அதே மாதிரி சேந்து ஆரம்பிக்க 38 மணி நேரத்துக்கு மேல ஆகும், கேக்குறவங்களுக்கு ஓடிக்கிட்டே இருக்குற தண்ணியாத்தான் தெரியும்.

சிலர் தண்ணித் தட்டை ஸ்பீக்கர் மேலயே வச்சு பூ மாதிரி டிசைன் எழுப்புறது பத்திக் கேப்பீங்க. செய்யலாம், 20லிருந்து 60 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு சுத்தமான டோன், அரை சென்டிமீட்டர் தண்ணி, தட்டு வளையாம ஒட்டியிருக்கணும். ஸ்பீக்கர் அதிர்ற வேகத்துல பாதி வேகத்துலதான் அந்த அலை ஆடும், மைக்கேல் ஃபாரடே 1831-லயே கவனிச்சு எழுதின விஷயம். பாக்க ரொம்ப அழகு, ஆனா பத்து நிமிஷம் பாத்தா அது தண்ணிங்கிறதே மறந்து டிசைனா மட்டும் தெரிய ஆரம்பிச்சுடும், அதனால நான் என் ரூம்ல வைக்கிறதில்ல.

மூடுபனி கேக்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அல்ட்ராசோனிக் மிஸ்ட் மேக்கர்ல குழாத் தண்ணி ஊத்தினா அதுல இருக்குற உப்பு வெள்ளைப் பொடியா எல்லா இடத்துலயும் படியும், மூச்சுக்குள்ளயும் போகும், டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க, தரை வழுக்கும், அதுக்கு ஆள் வேணும்.

ரூமும் ஆளுங்களும்

இருட்டுதான் இதுல பாதி. ஏசி, ரௌட்டர், ஸ்பீக்கர் எதுல சின்ன லைட் எரிஞ்சாலும் கருப்பு டேப் ஒட்டுங்க, கதவடி இடுக்குல துணியை சுருட்டி வைங்க. நம்ம கண்ணு இருட்டுக்கு முழுசாப் பழக 20லிருந்து 30 நிமிஷம் ஆகும், முதல் பத்து நிமிஷத்துலயே நல்ல வித்தியாசம் தெரியும். அதனால வாசல்ல ஒரு திரை, திரைக்குப் பின்னாடி அரை வெளிச்சத்துல ஒரு இடம், அங்க கொஞ்ச நேரம் உக்காந்துட்டு உள்ள போகட்டும், போனை அங்கயே வச்சுட்டா ரொம்ப நல்லது. சுவர் வெள்ளையா இருக்கணும், கண்ணாடி ஜன்னலுக்கும் வெறும் தரைக்கும் கனமான துணி போடுங்க, இல்லன்னா சத்தம் எதிரொலிச்சு கூர்மை போயிடும். படுக்கப் பாய் போடுங்க, படுத்துப் பாக்குறவங்களுக்குத்தான் சீலிங் முழுசாக் கிடைக்கும். டார்ச்சை மாத்துறது, மங்க வைக்கிறது எதுவா இருந்தாலும் ஒரு நிமிஷம் இழுத்து மெதுவா பண்ணுங்க, கண்ணு கவனிக்காத அளவுக்கு.

கரண்ட் விஷயத்துல சமரசமே கிடையாது. டார்ச் பேட்டரியில ஓடட்டும், இல்லன்னா 12 வோல்ட், அடாப்டர் தண்ணியில இருந்து ரெண்டு மூணு மீட்டர் தள்ளி, மட்டத்துக்கு மேல. லைனுக்கு 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா உடனே லைனை அணைக்கிற சுவிட்ச், இருக்கணும். ஒயர் ப்ளக்குக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை கீழ தொங்கி மேல ஏறணும், வழியிற தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். லேசரைத் தண்ணி மேல அடிக்கவே அடிக்காதீங்க, திரும்பி யாரு கண்ணுக்குப் போகும்னு சொல்ல முடியாது. நொடிக்கு மூணு தடவைக்கு மேல மின்னுற எந்த லைட்டும் வேண்டாம், வலிப்பு வர்றவங்களுக்கு ஆபத்து.

தினமும் தண்ணியை மாத்துங்க. ஒரு நாள் விட்டாலே மேல தூசி ஏடு மாதிரி படிஞ்சு அலை மந்தமாயிடும், வலையோட கூர்மையும் போயிடும், கொசு வேற முட்டை போடும். ஆளுங்க வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி புதுத் தண்ணி ஊத்தி, குமிழி எல்லாம் அடங்கினப்புறம் பழைய பேப்பர் ஒண்ணைத் தண்ணி மேல மெதுவா படுக்க வச்சு இழுத்து எடுங்க, மிச்சம் இருக்குற தூசி அதோட வந்துடும். அப்புறம் ட்யூபைத் திறந்து, பென்சில் குறி வச்ச உயரம் சரியா இருக்கான்னு பாத்துட்டு, லைட்டை அணைச்சுட்டு நீங்க முதல்ல பத்து நிமிஷம் படுத்துப் பாருங்க. சொட்டு விழுந்து, காதுல 'டொய்ங்'னு கேட்ட அதே நொடியில சீலிங்ல ஒரு வட்டம் விரிஞ்சு போறது தெரிஞ்சா கதவைத் திறந்து விடலாம்.